ஏர் கன் வாங்க லைசென்ஸ் வேண்டாம்... அப்போ முயல் வேட்டைக்குப் போகலாமா?

யூடியூபில் 'ஏர் ரைஃபிள் ஹன்டிங்' என்று தட்டினால் வீடியோக்கள் கொட்டும். பச்சைப் புல்வெளி, தொப்பி போட்ட ஒருவர், டெலஸ்கோப் வழியாகத் தெரியும் முயல், 'டப்' என்று ஒரு சத்தம். நாலு வீடியோ பார்த்து முடிப்பதற்குள் ஆன்லைன் கடை விளம்பரமும் வந்துவிடும்: 'லைசென்ஸ் தேவையில்லை'.

அந்த விளம்பரம் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால், அதைப் பார்த்து நாம் போடும் கணக்குதான் தப்பு. துப்பாக்கியை வைத்திருக்க ஒரு சட்டம், அதை எதன் மீது சுடுகிறோம் என்பதற்கு இன்னொரு சட்டம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் வனத்துறையிடம் மாட்டுகிறார்கள்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் எப்படி வேலை செய்கிறது?

இதில் வெடிமருந்து கிடையாது. குழலை நடுவில் மடக்கிக் கீழே இழுக்கும்போது உள்ளே இருக்கும் பிஸ்டன் பின்னுக்குப் போய், கனமான ஸ்பிரிங்கை அழுத்துகிறது. ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். குழலின் பின்முனையில் பெல்லட்டைச் செருகி, குழலை நிமிர்த்தி, விசையை இழுத்தால் கொக்கி விடுபடும். ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ள, அதற்கு முன்னால் இருக்கும் காற்று நொடியில் அழுந்தி, சிறிய துளை வழியாகப் பாய்ந்து பெல்லட்டைத் தள்ளுகிறது. சைக்கிள் பம்ப் மாதிரிதான், வேகம் மட்டும் பல மடங்கு.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் நின்றதும் முன்னால் உதறும். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும். அனுபவசாலிகள் முன்கையை விரித்து, உள்ளங்கையில் துப்பாக்கியைச் சும்மா வைத்ததுபோல் பிடிப்பார்கள். சாதாரண டெலஸ்கோப் இந்த இருபக்க உதறலில் சீக்கிரமே கெட்டுப்போகும். ஏர் கன்னுக்கென்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும்.

எது லைசென்ஸ் இல்லாதது?

2016 ஆயுத விதிகளின்படி, இரண்டு எல்லைகள். குழலின் விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெல்லட் வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டு வேட்டை வீடியோக்களில் அதிகம் வரும் 5.5 மில்லிமீட்டர் ரைஃபிள் இங்கே லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. எல்லைக்குள் இருப்பதை வாங்கும்போதும் கடையில் அடையாளச் சான்று, முகவரிச் சான்று கேட்பார்கள். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் போலீஸ் கேட்டால் அதுதான் பேசும். வாங்கிய பிறகு ஸ்பிரிங்கை மாற்றி 'பவர் ஏற்றுவது' சிலரின் பொழுதுபோக்கு. 20 ஜூலைத் தாண்டிவிட்டால் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்.

20 ஜூல் என்பது எவ்வளவு? 2 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் ஆற்றல். கேட்கக் குறைவுதான். ஆனால், அது முழுவதும் 4.5 மில்லிமீட்டர் முனையில் குவிகிறது. அரை கிராம் எடையுள்ள பெல்லட் அந்த ஆற்றலில் நொடிக்கு சுமார் 280 மீட்டர் வேகத்தில் போகும். தோலைத் துளைக்கும், கண்ணைப் பறிக்கும். ஏர் கன் பெல்லட்டால் குழந்தைகள் இறந்ததும் மருத்துவப் பதிவுகளில் உண்டு. 'பொம்மைத் துப்பாக்கி' என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடலாம்.

சரி, முயலைச் சுடலாமா?

கூடாது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டு முயலையும் கௌதாரியையும் பாதுகாக்கிறது. காட்டுக்குள் சுட்டால்தானே தப்பு, நம்ம தோட்டத்தில் சுட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நிலம் யாருடையது என்பது இங்கே பேச்சே இல்லை. பட்டியலில் இருக்கும் உயிரினம் எங்கே இருந்தாலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு.

'வேட்டை' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் ரொம்பப் பெரியது. கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவது, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, கூட்டையோ முட்டையையோ சிதைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். 'குறி வைத்தேன், படவே இல்லை' என்பது தப்பிக்கும் வழி அல்ல.

இந்தச் சட்டத்தில் 2022-ல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. முன்பு காகம், பழந்தின்னி வௌவால் போன்றவற்றைத் 'தீங்குயிர்' என்று தனி அட்டவணையில் வைத்திருந்தார்கள். அந்த அட்டவணையே இப்போது இல்லை. பொதுவான குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் போல முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். துப்பாக்கியும், போன வண்டியும் பறிமுதல் ஆகலாம்.

பயிரை அழிக்கும் விலங்காக இருந்தாலும் விவசாயி தானே முடிவெடுத்துச் சுட முடியாது. முதன்மை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர வேண்டும். தெருநாய், பூனை மீது 'சும்மா விரட்ட' சுடுவதும் விளையாட்டல்ல. விலங்கைக் கொல்வது, முடமாக்குவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

அப்போ அந்த வீடியோக்கள்?

பெரும்பாலும் அவை வேறு நாட்டுச் சட்டத்தில் எடுத்தவை. இங்கிலாந்தில் முயல் பயிரை அழிக்கும் உயிராகக் கருதப்படுகிறது. நில உரிமையாளர் அனுமதித்தால் சுடலாம். அங்கே லைசென்ஸ் இல்லாத ரைஃபிளின் உச்ச வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். நம் வரம்பைவிடக் குறைவு. ஸ்காட்லாந்தில் 2016 இறுதியிலிருந்து ஏர் ரைஃபிளுக்கே லைசென்ஸ் வேண்டும். அங்குள்ள பொறுப்பான வேட்டைக்காரர்கள்கூட 30 மீட்டருக்குள், தலையில் பத்து ரூபாய் நாணய அளவு இடத்தில் ஒவ்வொரு முறையும் அடிக்க முடிந்தால்தான் விசையைத் தொடுவார்கள். குறி கொஞ்சம் விலகினால் அந்த விலங்கு உடனே சாகாது. புதருக்குள் போய் மணிக்கணக்கில் துடிக்கும்.

இந்தியாவிலேயே இதற்கு எதிர்ப்பக்கக் கதையும் இருக்கிறது. வேட்டை வாழ்க்கையோடு கலந்த அருணாச்சலப் பிரதேசத்தில், 2021 மார்ச்சில் ஏர் கன்களை ஒப்படைக்கச் சொல்லி ஓர் இயக்கத்தை அரசு தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் 1,600-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் ஊருக்கும் இது புதிதல்ல. வேடந்தாங்கலில் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதை எதிர்த்து, 1798-லேயே கலெக்டரிடம் போய்ப் பாதுகாப்பு ஆணை வாங்கியவர்கள் அந்த ஊர் மக்கள்.

வாங்கியாச்சு, என்ன செய்யலாம்?

இலக்கைச் சுடுங்கள். அதில் இருக்கும் சவால் சாதாரணமானதல்ல. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்ததும் இதே போட்டியில்தான். போட்டியாளர்கள் இப்போது ஸ்பிரிங் ரைஃபிளுக்குப் பதில் அழுத்தக்காற்று ரைஃபிளைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மூச்சை நிறுத்தி, விசையை மெதுவாக அழுத்தும் பழக்கத்தை ஸ்பிரிங் ரைஃபிளிலேயே கற்கலாம். சென்னை, கோவை, மதுரையில் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன.

வீட்டில் பழகுவதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

• இலக்குக்குப் பின்னால் மண் மூட்டையோ தடித்த மண் சுவரோ இருக்கட்டும். கல், கான்கிரீட், இரும்பில் பட்டால் பெல்லட் திரும்பி வரும். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். தப்பிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும்.
• சுடுபவரும் பக்கத்தில் இருப்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.
• பெல்லட் செருகும்போது மடக்கிய குழலை இன்னொரு கையால் பிடித்தே இருங்கள். கொக்கி நழுவினால் குழல் அடித்து விரல் நசுங்கும்.
• பெல்லட் இல்லாமல் சுடாதீர்கள். எதிர்ப்பு இல்லாததால் பிஸ்டன் நேரே போய் மோதி உள்பாகம் உடையும்.
• பெல்லட் ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.
• குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பெல்லட் டப்பா வேறு இடத்தில் இருக்கட்டும்.

சட்டம் லைசென்ஸ் கேட்காமல் உங்கள் கையில் தந்திருப்பது காகித இலக்கைச் சுடுவதற்கான கருவி. அதை ஓர் உயிரை நோக்கித் திருப்பினால், அடுத்து பதில் சொல்ல வேண்டிய இடம் நீதிமன்றம்.