ஓசையை வடிக்கும் கணக்கு

மின்கிதார் வாசிப்போர் காலடியில் சிறு பெட்டியொன்று கிடப்பதை அன்பர்கள் கண்டிருப்பர். பெடல் என வழங்கும் அப்பெட்டி, கம்பியினின்று எழும் மின்னலையை வெட்டியும் வடித்தும் வேறோர் ஓசையாக்கித் தருவது. இக்காலத்தே அதன் தொழிலைக் கணிப்பொறி எண்களைக் கொண்டே செய்துவிடுகின்றது. உலோகத்தாலும் கம்பியாலும் ஆகும் வினை வெறும் எண்ணால் ஆவது எங்ஙனம்? அவ்வாறு ஆயது மூலத்துக்கு ஒத்ததாகுமோ? இவ்விரண்டையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் வடிகட்டியின் இயல்பை அறிதல் வேண்டும். ஒடுகத்தூர் சவ்வாது மலையடிவாரத்து ஊர். மலைமேற் பெருமழை பெய்யின் ஓடைகள் விரைந்து பெருகி விரைந்து வடியும். அத்தகைய ஓடைக்கும் ஏரிக்கும் இடையே குறுகிய கால்வாய் ஒன்று உளதாகவும், ஓடை உயர்ந்தபோது நீர் ஏரிக்குட் புகுவதாகவும், தாழ்ந்தபோது அவ்வழியே மீள்வதாகவும் கொள்வோம். ஓடை நாட்கணக்கில் மெல்ல உயரின் ஏரியும் உடன் உயரும். நொடிதோறும் ஏறியிறங்கினாலோ ஏரிமட்டம் அசைவதே அரிது. கால்வாயை மின்தடையாகவும், ஏரியை மின்தேக்கியாகவும், நீர்மட்டத்தை மின்னழுத்தமாகவும் கருதுக. தாழ்ந்த ஓசைகளைச் செல்லவிட்டு உயர்ந்தவற்றைத் தணிக்கும் வடிகட்டி அதுவே.

ஜப்பானிய இபானெஸ் நிறுவனத்தாரின் டியூப் ஸ்கிரீமர் என்னும் புகழ்பெற்ற பெடலில் 1,000 ஓம் மின்தடையும் 0.22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இவ்வாறு அமைந்துள்ளன. இரண்டையும் பெருக்க வருவது 220 மைக்ரோவினாடி. வினாடிக்கு ஏறத்தாழ 723 அதிர்வுக்கு மேற்பட்ட ஓசைகள் இதனாற் படிப்படியாகத் தணியும்.

இனிக் கணிப்பொறி செய்வது யாதெனின், மின்னழுத்தத்தை வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்குவதாம். ஓர் அளவைக்கும் அடுத்ததற்கும் இடைக்காலம் 20.83 மைக்ரோவினாடி. அதற்குள் ஏரி ஓடைமட்டத்தை நோக்கிச் சிறிதே நகரும். ஆகவே, வந்த எண்ணினின்று பழைய விடையைக் கழித்து, எஞ்சியதை 0.0865-ஆற் பெருக்கிப் பழைய விடையோடு கூட்டுக. அதுவே புதிய விடை. அப்பெருக்கெண், 20.83-ஐ அதுவும் 220-உம் சேர்ந்த தொகையால் வகுக்க வருவது.

இவ்வெளிய விதி உயர்ந்த ஓசைகளிற் பிறழும். 1947-இல் ஆர்னால்டு டஸ்டின் என்னும் ஆங்கில அறிஞர் எழுதிய கட்டுரையால் அவர் பெயர் பெற்ற முறையோ, இடைக்காலத்தின் தொடக்க மதிப்பையும் இறுதி மதிப்பையும் சராசரி கொண்டு அப்பிழையைப் பெரிதும் குறைக்கும்.

அதனினும் பெரிய இடர் டையோடுகளால் விளைவது. அவை அலையின் முகட்டை மழுக்குதலின் புதிய மேலோசைகள் பிறக்கும். 1949-இல் கிளாடு ஷானன் நிறுவியபடி, 48,000 அளவைகள் 24,000 அதிர்வுக்குக் குறைந்தவற்றையே பிழையின்றிக் காட்டும். 30,000 அதிர்வுடைய மேலோசை பிறப்பின், அது 18,000 அதிர்வாக வேடம் மாறித் தோன்றும். மூலப்பெட்டியில் இல்லாத அபசுரம் அது! ஆதலின் அப்பகுதியில் மட்டும் கணக்கை நான்கு அல்லது எட்டு மடங்கு விரைவில் நடத்தி, மிகையை வடித்தபின் பழைய விரைவுக்கு மீள்வர்.

இத்துணையும் செய்த பின்னரும் நகல் மூலத்தை ஒக்குமோவெனின், எம்மூலத்தை என்று வினவுதல் வேண்டும். மின்தடையிற் குறித்த அளவுக்கும் மெய்யளவுக்கும் நூற்றுக்கு ஐந்து வேறுபாடு இருத்தல் கூடும். மின்தேக்கியிற் பத்தும் இருக்கலாம். ஒரே பெயருடைய பெட்டிகள் இரண்டு முற்றும் ஒத்தொலிப்பதில்லை. இலக்கண ஆசிரியன் ஒருவன் பேச்சை மட்டும் நோக்காது, பலர் வழக்கினுள்ளும் நிற்கும் விதியைத் தேடுகின்றான். கணக்கனும் அவ்வாறு விதியைப் பிடித்துப் பின் கையிலுள்ள பெட்டியை அளந்து எண்களைத் திருத்துதல் வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்டதை மட்டும் நம்பின் நகல் பொய்க்கும்.

இதனால் நாம் பெறும் பயன் சிறிதன்று. விலைமிகுந்த பெட்டிகளை வாங்க இயலாத மாணவனும், மலையடிவாரத்துச் சிற்றூரில் இருந்தே, பள்ளியிற் கற்ற கணக்கையும் பழைய கணிப்பொறி ஒன்றையும் துணைக்கொண்டு அவ்வோசையைத் தன் கிதாரில் எழுப்பலாம். பொருளைப் பெற்றவன் ஒரு பெட்டியையே உடையவன். அதன் விதியை அறிந்தவனோ பல பெட்டிகளை ஆக்க வல்லவன்.