கிள்ளானில் ஒரு நாள்: உணவும் வரலாறும்

"கிள்ளானுக்குப் போகலாமா?" என்று அப்பா கேட்டால், எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான். தீபாவளிக்குத் துணிமணி வாங்க வேண்டும், தெங்கு கிளானா சாலைக் கூட்டத்தில் இடிபட வேண்டும், வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும். இத்தனை ஆண்டுகளில் கிள்ளானுக்கு ஒரு வரலாறு உண்டு என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. இம்மலருக்குக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்ட பிறகுதான் நூலகத்தில் சில நூல்களைப் புரட்டினேன். பருவ விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, அப்பா, அம்மா, தம்பி, 78 வயதுப் பாட்டி ஆகியோருடன் புறப்பட்டேன்.

பிரிக்பீல்ட்ஸை ஒட்டியுள்ள கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் இரயில் ஏறினோம். இந்தத் தடத்திற்கும் ஒரு கதை உண்டு. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன் ஈயமும் அரிசியும் கிள்ளான் ஆற்றில் படகிலேயே சென்றன. 1857-இல் ராஜா அப்துல்லா 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களை ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பினார். அவர்கள் அம்பாங்கில் ஈயம் தேடப் போன வழியில் வளர்ந்த ஊரே கோலாலம்பூர். 1880-இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரம் கிள்ளானிலிருந்து அங்கு மாறியது.

இறங்கியதும் நிலையத்திற்கு அருகிலிருந்த ஒரு பழைய சீனக் காப்பிக் கடையில் பசியாறினோம். கெட்டிக் காப்பி, வாட்டிய ரொட்டி, காயா, அரைவேக்காட்டு முட்டை. ஐரோப்பியர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை செய்த ஹைனான் சீனர்கள் பின்னாளில் திறந்த கடைகளில்தான் இந்தப் பசியாறல் பழக்கமானது. காயா தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டுவது. துரைமார் ரொட்டிக்குத் தடவிய பழப்பாகின் இடத்தில் நம் நாட்டுத் தேங்காய் வந்து அமர்ந்துகொண்டது. பாட்டி முட்டையைத் தம்பியிடம் தள்ளிவிட்டு, ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டார்.

அங்கிருந்து நடந்தே, 1850-களில் ராஜா அப்துல்லா கட்டிய கிடங்கையும், 1909-இல் எழுந்த சுல்தான் சுலைமான் கட்டடத்தையும் பார்த்தோம். பின்னதை வரைந்தவர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். ஆங்கிலேயர் காலத்தில் நிர்வாக அலுவலகமாக இருந்த அது, 2007 முதல் சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகமாக விளங்குகிறது. கிடங்கில் ஈயம், அலுவலகத்தில் அதிகாரம். ஆனால் உழைத்தவர்கள் எங்கே என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

அதற்கு விடை துறைமுகத்தில் இருக்கிறது. இன்றைய கிள்ளான் துறைமுகம் 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் மடிந்தனர். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் கண்டறிந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் அந்த அறிவை நம்பி, சதுப்பு நிலத்தை வடியச் செய்து நோயைக் கட்டுப்படுத்தினார். பிறகு சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களிலும் அம்முறையைக் கையாண்டார். தமிழகத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோரில் பலர் இத்துறையில்தான் கால் வைத்தனர். நோய்த் தடுப்பு முகாமில் தங்கிய பின்பே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

துறைமுகத்தில் வந்து கலந்தவர்களை உணவுத் தட்டில் காணலாம். மதியம் நான் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட, தம்பி மீ கோரெங் கேட்டான். 'மீ' ஹொக்கியன் சீனரின் சொல், 'கோரெங்' மலாய்ச் சொல், அதைப் பிரட்டிப் போட்டவரோ தமிழ் முஸ்லிம் அண்ணன். மஞ்சள் மீயும் தௌக்குவாவும் சீனருடையவை. மிளகாய் அரைப்பில் நம் கைம்மணம். அதே போல் கிள்ளானின் பெயரை உலகறியச் செய்த பா குட் தே, மூலிகைகளோடு பன்றி எலும்பை வேகவைக்கும் சீன உணவு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குத் தெம்பு தந்த உணவு என்று அதைச் சொல்வார்கள். 2024-இல் அது தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பாட்டி பேச ஆரம்பித்தார். அவர் பிறந்தது கிள்ளானை அடுத்த ஓர் இரப்பர்த் தோட்டத்தில். "எங்கப்பாகிட்ட ஒரு பழைய சைக்கிள் இருந்துச்சு. தொர கார் வந்தா எறங்கி ஓரமா நிப்பாரு. தொரைங்கல்லாம் போன பொறவும் அந்தப் பழக்கம் போகல. யார் கார் வந்தாலும் எறங்கிடுவாரு. நாங்க புள்ளைங்க சிரிப்போம்" என்றார்.

எனக்குக் கை அப்படியே இலையில் நின்றுவிட்டது. அந்த வாரம்தான் 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றிப் படித்திருந்தேன். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழிகாட்டலில், பால்மரத் தொழிலாளர்கள் கோரிக்கைகளை வைத்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல் ஆகியவற்றோடு, துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டதும் வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, படை வரவழைக்கப்பட்டது. ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

சம்பளத்தோடு மிதிவண்டியும் ஏன் கோரிக்கையானது? சம்பளம் வயிற்றுக்கு, இறங்காமல் ஓட்டிச் செல்வது மானத்திற்கு. இதைப் பாட்டியிடம் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதனாலதான் எறங்கினாரா... நாங்க சிரிச்சோமே" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மேசையில் இருந்த எவருக்கும் அந்தப் போராட்டம் பற்றி அதுவரை தெரியாது. இருபது கிலோமீட்டருக்குள் பிறந்தவருக்கே தெரியாது.

மாலையில் கோத்தா பாலத்திற்குச் சென்றோம். ஆற்றின் மேல் இரண்டு அடுக்காகக் கட்டப்பட்ட பாலம் அது. மேல் தளம் வண்டிகளுக்காகவும், கீழ்த் தளம் நடப்பவருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் என்றும் அமைக்கப்பட்டது. கீழ்த் தளத்தில் ஒருவர் எங்களைக் கடந்து மிதிவண்டியில் போனார். மணியடித்துவிட்டு, இறங்காமல் போனார். பாட்டி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வீடு திரும்பும் வழியில் தம் தந்தையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அன்பு மாணவ நண்பர்களே, கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டம் போனதும் பெயர் போகும்; பெயர் போனதும் கதையும் போய்விடும். அடுத்த முறை கிள்ளானுக்குத் துணி வாங்கவோ சாப்பிடவோ செல்லும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தத் தோட்டம், யார் கங்காணி, என்ன சம்பளம், என்ன சாப்பாடு என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நாங்கள் சிரித்ததற்குப் பாட்டி வருந்தியது போல, கேட்காமல் விட்டதற்கு நாம் வருந்தும் நிலை வர வேண்டாம்.