ஒற்றைத் தண்டவாளம் கற்பித்த பாடம்

சென்ற விடுமுறையில் மனைவி மக்களுடன் டில்லி சென்றிருந்தபோது, சாணக்கியபுரியில் 1977-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய இரயில் பொருட்காட்சி சாலையைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மன்னர்கள் பயணம் செய்த பெட்டிகளைக் குழந்தைகள் வியந்து நோக்கினர். நம்மைக் கவர்ந்ததோ பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள வண்டியே.

1907-இல் ஓடத் தொடங்கிய இவ்வண்டியின் பாரத்தில் பெரும்பகுதியைச் சாலையோரம் பதித்த ஒரே தண்டவாளம் தாங்கிற்று. சாய்ந்துவிடாதிருக்க, பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலை மீதே உருண்டது. முதலில் கோவேறு கழுதைகள் இழுத்தன. பின்னர் ஜெர்மானிய நீராவி எஞ்சின்கள் வந்தன. மோட்டார் வண்டிகள் பெருகவே, 1927-இல் ஓட்டம் நின்றது.

"இத்தனை நாள் இது எங்கே இருந்தது, அப்பா?" என்றாள் மகள். முப்பத்தைந்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, 1962-இல் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் அமிர்தசரஸ் இரயில்வே பட்டறையில் செப்பனிடப்பட்ட கதையைக் கூறினோம். கூறுகையிலேயே நமக்கு நாணம் உண்டாயிற்று.

முன்பொரு சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றபோது, அதன் முதல் கைத்தறியையும் ஆரம்பகாலப் பேரேடுகளையும் பழைய சாமான் விலைக்கு விற்க நாமே ஆட்சேபணையின்றிக் கையொப்பமிட்டோம். கிடைத்த தொகை சொற்பம். அத்தறியில் முதலில் நெய்தவர் யார், முதல் பங்குத்தொகை செலுத்தியவர் யார் என்று இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேட்பினும் காட்ட ஏடில்லை.

அங்கத்தினர்களே! உங்கள் சங்கக் கிடங்கைத் துப்புரவு செய்யும் நாளில், விற்பனைப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். எம்மைப் போன்றோர் கையொப்பம் இட்டிருப்பினும், தயங்காது தடுங்கள்.