மேல் பொத்தான்

சேலம் சீலநாயக்கன்பட்டி பைபாஸில் காரை ஓரங்கட்டி, அப்பாவை நோக்கி போனைத் தூக்கினேன். அவ்வளவுதான். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார், கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தார். அவர் வயதுக்காரர்களுக்கு போட்டோ என்றால் ஸ்டுடியோதான். கல்யாணத்துக்கு ஒன்று, லைசென்ஸுக்கு ஒன்று. "எடுத்துட்டியா கண்ணு?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நாமக்கல் போகும் சாலை அவருக்கு இன்னமும் ஏழாம் நம்பர் ரோடுதான். அது தேசிய நெடுஞ்சாலை 44 ஆனதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போய், அப்படியே மோகனூரில் காவிரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலையின் களத்தில் இறங்கினோம். குச்சிக்கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, படிந்த மாவை மணியாக உருட்டி, வறுத்துக் கொண்டுவந்து வெயிலில் கொட்டுகிறார்கள். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலம் ஜவ்வரிசி இதுதான். களம் முழுக்க வெள்ளை. போனிலோ அழுக்குச் சாம்பலாக விழுந்தது. எதைக் காட்டினாலும் நடுத்தர வெளிச்சம் என்றே கேமரா கணக்குப் போடும். இப்படிக் கண் கூசும் இடத்தில் எக்ஸ்போஷரை நாம்தான் கொஞ்சம் ஏற்ற வேண்டும். ஏற்றினேன். களம் வெளுத்தது, அப்பாவின் கறுத்த முகத்தில் சுருக்கங்கள் தெரிந்தன. அவர் என்னைக் கவனிக்கவில்லை. குனிந்து ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டு, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். "இன்னொரு வெயில் வேணும்."

அந்தப் படத்தில் மேல் பொத்தான் திறந்திருந்தது. அதற்குப் பிறகு "நில்லுங்கப்பா" என்று நான் சொல்லவே இல்லை.

வேலையில் இருக்கும் பெற்றோரைப் படமெடுப்பது என்றதும் நினைவுக்கு வருபவர் மதுரைக்காரரான புகைப்படக் கலைஞர் எம்.பழனிக்குமார். மீன் விற்கும் தன் அம்மாவை அவர் வேலையோடு சேர்த்தே படமெடுத்தவர். தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது 2022ல் முதன்முதலாக அவருக்குத்தான் போனது. பெற்றோரை கேக் வெட்டும்போது மட்டும் எடுப்பவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நாமக்கல்லில் மேற்கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற 18 அடி ஆஞ்சநேயர் முன்னால் போனைப் பையில் போட்டுவிட்டேன். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டது அவருக்கும் சாமிக்கும் உள்ள சமாச்சாரம்.

ஊரை விட்டு வெளியே வரும்போது அவராகவே "நிறுத்து" என்றார். லாரி பாடி கட்டும் பட்டறை. வெறும் சேசிஸாக வந்த வண்டிக்குப் பக்கப் பலகை ஏறிக்கொண்டிருந்தது. வெல்டிங் பொறி, மர இழைப்பு வாசனை, பெயின்ட் நெடி. யாரிடமும் எதுவும் கேட்காமல் உள்ளே போனவர், பலகையின் நீளத்துக்கு உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். மாட்டைத் தடவுவது போல. பட்டறைக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துப் பழகியவர்கள் போலிருக்கிறது. நான் அந்தக் கையை மட்டும் படமெடுத்தேன்.

மோகனூர் படித்துறையில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். தன் முகம் வந்ததையெல்லாம் சட்டென்று தள்ளிவிட்டார். பட்டறைப் படம் வந்ததும் போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பெரிசாக்கச் சொன்னார்.

"இதை எனக்கு அனுப்பு" என்றார். பிறகு, "இந்த ரெண்டாவது போல்ட்டு சரியா முறுக்கலை பாரு."