காயம்பட்ட உடம்புக்குக் கடல் என்ன செய்யும்?

பாலெர்மோவில் இருக்கும் நம்ம குடும்பங்களுக்குக் கடல் என்றால் மொந்தெல்லோதான். ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறோடு போவோம். பிள்ளைகள் முழங்கால் தண்ணியில், பெரியவர்கள் குடைக்கு அடியில். தண்ணிக்கு உள்ளே இறங்கிப் பார்ப்பது இத்தாலிக்காரர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். இத்தனைக்கும் பாலெர்மோவிலிருந்து கப்பல் ஏறினால் உஸ்திகா தீவு. 1986இலேயே கடல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம், ஸ்கூபா டைவிங் செய்பவர்களுக்குக் கோயில் மாதிரி.

போரில் உடல் உறுப்பை இழந்தவர்களுக்கு இந்த ஸ்கூபா ஒரு சிகிச்சை போலவே பயன்படுகிறது என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன். நம் வீடுகளில் இதற்குச் சம்பந்தப்பட்டவர்கள் உண்டு.

அமெரிக்காவில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கால் கை போனவர்கள் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கிடந்தபோது, அங்குள்ள நீச்சல் குளத்தில் அவர்களுக்கு ஸ்கூபா கற்றுக்கொடுக்க 2007இல் 'சட்ஸ்' என்ற அமைப்பு தொடங்கியது. பிரிட்டனில் 'டெப்தெரபி' இதே வேலையைச் செய்கிறது. காயம்பட்ட முன்னாள் வீரர்களைச் செங்கடலுக்குக் கூட்டிப் போகிறார்கள். இரண்டுக்கும் முன்னோடி 1981இல் கலிபோர்னியாவில் ஜிம் கட்டேக்கர் தொடங்கிய எச்.எஸ்.ஏ. அதற்கு இத்தாலியிலும் கிளை இருக்கிறது.

தண்ணிக்குள் அப்படி என்ன நடக்கிறது? மிதப்பைச் சரியாக அமைத்துவிட்டால் உடம்பு மேலேயும் போகாது, கீழேயும் போகாது, அந்தரத்தில் நிற்கும். சக்கர நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர் முதல்முறை யாரும் தூக்காமல் நகர்கிறார். கால் உதைக்க முடியாவிட்டால், விரல்களுக்கிடையே சவ்வு வைத்த கையுறை போட்டுக் கையால் நீந்தலாம். ஒரு கால் இல்லாதவருக்கு அந்தப் பக்கம் எடை குறைவதால் உடம்பு உருளப் பார்க்கும். ஈயக் கட்டிகளை இடம் மாற்றிக் கட்டிச் சமன் செய்கிறார்கள். மூச்சு மெதுவாகவும் நிறுத்தாமலும் விட வேண்டும், அதுதான் ஸ்கூபாவின் முதல் விதி. கெட்ட கனவும் படபடப்புமாக இருப்பவருக்கு அந்த நிதான மூச்சே பாதி மருந்து என்கிறார்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது. தண்டுவடம் அடிபட்ட 10 முன்னாள் வீரர்களைக் கேமன் தீவுகளுக்குக் கூட்டிப் போய் டைவ் செய்ய வைத்தார்கள். தசை இறுக்கம் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது, மெல்லிய தொடுதலை உணர்வது 10 சதவீதம் கூடியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் மென்பொருள் ஆள், 10 பேரை வைத்து எதையும் 'ரிலீஸ்' செய்ய மாட்டேன். நல்ல கடல், நாலு நல்ல நண்பர்கள், ஆஸ்பத்திரி வாசனை இல்லாத சில நாட்கள். இதில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஸ்கூபா குணமாக்கும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீங்க. நல்ல மாறுதலைத் தரக்கூடும், அவ்வளவுதான்.

தண்ணியை நம்பி எழுந்த நம்மூர் ஆள் ஒருத்தரையும் சொல்லணும். 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பெட்கர், நீச்சலுக்குத் திரும்பி 1972 ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம்.

சரி, ராணுவத்தில் இருந்தவருக்கு ஆஸ்பத்திரி, சங்கம், பென்ஷன் என்று ஏதோ ஒன்று இருக்கும். இலங்கைப் போரில் காயம்பட்ட நம் சனத்துக்கு? எங்கள் தெருவில் ஓர் அண்ணை இருக்கிறார், மன்னார்க்காரர். பிறந்ததிலிருந்து கடல் தொழில், அப்பா சங்கு குளித்தவர். போர் முடிந்து தன் காணிக்குத் திரும்பியபோது கண்ணிவெடியில் இடது கால் போனது. அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. இங்கே ஹோட்டல் சமையலறையில் வேலை. 'வாங்க அண்ணை, விசாரிச்சுப் பார்ப்போம்' என்று நான் கேட்டபோது சொன்னார்: 'தம்பி, வெயில் காலத்திலகூட நான் அரைக் காற்சட்டை போடுறதில்லை. மொந்தெல்லோவில எல்லாரும் பாக்கக் காலைக் கழட்டி வைக்கச் சொல்லுறியோ?'

தண்ணிக்குள்ளே இல்லை, கரையில்தான் சங்கடம். படகில் ஏறும் ஏணியும் அப்படித்தான். சிலரை இரண்டு பேர் அக்குளில் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே பலர் திரும்பி வருவதில்லை. நல்ல பயிற்சியாளர் அதைத்தான் முதலில் பேசுவார். போட்டோ எடுத்து 'தன்னம்பிக்கை' என்று போடத் துடிக்கிற ஆளாக இருந்தால் வேறு இடம் பாருங்க.

விசாரிப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எச்.எஸ்.ஏ. முறையில் ஏ, பி, சி என்று மூன்று நிலைகள். ஏ என்றால் ஒரு துணை போதும். பி என்றால் இரண்டு துணை. சி என்றால் இரண்டு துணையில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். எந்த நிலை என்பதை ஊனத்தை வைத்து இல்லை, தண்ணியில் என்ன செய்ய முடிகிறது என்பதை வைத்து முடிவு செய்கிறார்கள். டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் சான்று வாங்காமல் இறங்கக் கூடாது. நுரையீரல், காது, வலிப்பு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் பார்ப்பார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு உணர்ச்சி இல்லாத தோலில் பாறை கீறினாலும் தெரியாது. குளிரும் சீக்கிரம் ஏறும். பிப்ரவரியில் இங்கே கடல் 14, 15 டிகிரிதான். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரே சரி. எடுத்த எடுப்பில் கடலுக்குப் போக வேண்டாம், மூடிய நீச்சல் குளத்தில் தொடங்கச் சொல்லுங்க. அங்கே கூட்டமும் குறைவு.

போன வாரம் அண்ணையே வாசலில் என்னை நிறுத்தினார். செயற்கைக் காலைக் கழட்டினால் எங்கே வைப்பது, உப்புத் தண்ணி பட்டால் கெட்டுப்போகுமா என்று கேட்டார். கழட்டி உலர்ந்த பையில் போட்டுப் படகில் வைத்துவிடலாம் என்றேன். 'அப்ப டொக்டரிட்டப் போக எப்ப லீவு எடுப்பாய்?' என்றார். வியாழக்கிழமை போகிறோம்.