குலுக்கலில் விழுந்த வீடு

1987இல் அகமதாபாதில் ஒரு குலுக்கல் நடந்தது. பரிசு, வீடு. சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான 'சேவா'வின் உறுப்பினர்கள் 497 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். 110 பேருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. நகரின் நெரிசலான குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு, மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளிப் புறநகரில், மானியக் கடனில் சொந்த வீடு. ஏழைக்கு வேறென்ன வேண்டும்?

அந்த 110 பேரில் 34 சதவீதத்தினர் புது வீட்டில் குடியேறவே இல்லை. இன்னொரு 32 சதவீதத்தினர் போய், சில காலம் இருந்து பார்த்துவிட்டு வெளியேறினார்கள். மூன்றில் ஒருவர்தான் அங்கே நிலைத்தார்.

14 ஆண்டுகளுக்குப் பிறகு என்ன ஆனது என்று தேடிப் போனவர்கள் ஷாரன் பார்ன்ஹார்ட், எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள். அவர்களுடைய ஆய்வு 2017இல் வெளியானது. குலுக்கல் என்பதில் ஒரு வசதி உண்டு. வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே மாதிரியானவர்கள். வித்தியாசம் சீட்டு மட்டுமே. ஆகவே பிற்பாடு தெரியும் மாறுதலுக்கு அந்த வீட்டையும் அது இருந்த இடத்தையும்தான் காரணம் சொல்ல முடியும்.

வென்றவர்களின் வீடு மேம்பட்டிருந்தது, சந்தேகமில்லை. ஆனால் குடும்ப வருமானம் உயரவில்லை. பிள்ளைகளின் நிலையிலும் மாற்றமில்லை. கூடியது தனிமைதான். உறவினர்களும் சாதிக்காரர்களும் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார்கள். அவசரத்துக்கு உதவ ஆள் குறைந்துபோனது.

இதை நம் ஊர் வார்த்தையில் கைமாற்று எனலாம். இரவு பதினோரு மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் என்றால் எந்த வங்கியும் திறந்திருக்காது. எதிர்வீட்டுக்காரி முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள். அடுத்த மாதம் அவள் கேட்பாள், இவள் கொடுப்பாள். எழுத்தில்லை, வட்டியில்லை. மாதச் சம்பளமும் சேமநல நிதியும் இல்லாதவர்களுக்கு இதுதான் இன்ஷூரன்ஸ். தினம் முகம் பார்த்தால்தான் இது ஓடும். 12 கிலோமீட்டர் பஸ் பயணத்தைத் தாங்காது.

இந்த நெருக்கம் அகமதாபாதின் கட்டடங்களிலேயே இருக்கிறது. 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பழைய நகரம், 'போல்' எனப்படும் குறுகலான குடியிருப்புகளால் ஆனது. முகப்பில் ஒரு பெரிய வாசல். உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். பறவைகளுக்குத் தீனி வைக்க ஒரு கூண்டு மேடை. வீட்டு முன்னால் 'ஓட்லோ', அதாவது நம் திண்ணை.

அந்த வாசல் வெளியாளைத் தடுக்கவும் செய்யும் என்பதை மறக்க வேண்டாம். கைமாற்று கொடுக்கும் அதே சாதி, மத உறவுதான் யாருக்கு வீடு விற்கலாம், யாருக்குக் கூடாது என்றும் தீர்மானிக்கிறது. கலவரங்கள் ஆழப்படுத்திய பிளவு அது. குஜராத்தின் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதற்றமானவை என அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கலெக்டர் அனுமதியில்லாமல் சொத்து கைமாற முடியாது.

இடம் மாறுவதே கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. 1994இல் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் தொடங்கிய ஒரு சோதனையில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்கள் பங்கேற்றன. அங்கும் குலுக்கல்தான். வறுமை குறைந்த பேட்டைகளுக்குக் குடிபோனால் சிலருக்கு வாடகை உதவி. போன பெரியவர்களின் வருமானம் உயரவில்லை. ஆனால் சர்க்கரை வியாதி குறைந்தது, மனநலம் தேறியது. 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள்.

அங்கே ஏழைகளைக் கொண்டுபோனது வசதியான அக்கம்பக்கத்துக்கு. அகமதாபாதில் கொண்டுபோனது ஊர்க்கோடிக்கு. டெல்லியில் 2004இல் யமுனைக் கரைக் குடிசைகளை இடித்து மக்களை பவானாவுக்கு அனுப்பியபோதும், சென்னையில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோதும் திசை இதுதான். நிலம் மலிவாகக் கிடைக்குமிடம் அது. அரசின் கணக்கு அத்தோடு முடிந்துவிடுகிறது.

நகருக்குள் நிலம் தேடுவது கடினம், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரே சந்தில் இருந்தவர்களுக்கு ஒரே மாடியில் வீடு ஒதுக்க நிலம் தேவையில்லை. பெயர்களைத் தனித்தனிச் சீட்டாக எழுதாமல் சந்துவாரியாக எழுதினால் போதும்.