பேட்ச் வெளியான அன்றே ஓட்டையும் வெளியாகிறது

"நல்லா ஓடிக்கிட்டுதானே இருக்கு, அதைப் போய் எதுக்குத் தொடணும்?" சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்திருப்பவரிடம் சர்வர் அப்டேட் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்ப்போம்.

உங்கள் சைட் வேர்ட்பிரஸ்ஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் புதுப் பதிப்பு வந்தால் அட்மின் பக்கத்திலேயே அறிவிப்பு வந்துவிடும். ஆனால் வேர்ட்பிரஸ் அந்தரத்தில் நிற்கவில்லை. அதை இயக்குவது பிஎச்பி. பதிவுகளைச் சேமித்து வைப்பது மைஎஸ்கியூஎல். பிரவுசர் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்காமல் காப்பது ஓபன்எஸ்எஸ்எல். இத்தனையையும் தாங்கி நிற்பது லினக்ஸ். ஒவ்வொன்றையும் எழுதுகிறவர்கள் வேறு. ஒவ்வொன்றின் ஆயுள் கணக்கும் வேறு.

பிஎச்பி 7.4 பதிப்பு 2019 நவம்பரில் வந்தது. 2022 நவம்பர் 28ஆம் தேதியோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை பிஎச்பி குழு நிறுத்திக்கொண்டது. மறுநாள் அந்தப் பதிப்பில் இருந்த சைட்டுகள் நின்றுபோயினவா? இல்லை. இன்றைக்கும் ஓடும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ஆயுள் முடிந்த மென்பொருள் சத்தம் போடாது. இனிமேல் அதில் ஓட்டை தெரியவந்தால் அதை எழுதியவர்கள் அடைத்துத் தரமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச் கையில் இருந்தும் போடாமல் விடுவது அதைவிட ஆபத்தானது. ஒரு பூட்டுக் கம்பெனி, "எங்கள் பூட்டை இப்படித் திருகினால் சாவி இல்லாமலே திறந்துவிடும், உடனே வந்து மாற்றிக்கொள்ளுங்கள்" என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தால், வாடிக்கையாளர் மட்டுமா அதைப் படிப்பார்? திருடனும் படிப்பான். ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் பழைய கோடையும் புதிய கோடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, எந்த வரியில் ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடும். பேட்ச் வெளியான நிமிடத்திலிருந்து உங்களுக்கும் திருடனுக்கும் ஓட்டப்பந்தயம் தொடங்கிவிடுகிறது. "நம்ம சின்ன சைட்டை யார் பார்க்கப் போறாங்க?" என்று இருந்துவிட முடியாது. தேடுவது ஆள் இல்லை, ஸ்கிரிப்ட். இன்டர்நெட்டில் இருக்கும் எல்லா முகவரிகளையும் அது வரிசையாகத் தட்டிப் பார்க்கும்.

அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்துக்கு 2017இல் நடந்ததைப் பாருங்கள். மக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வைத்திருக்கும் நிறுவனம் அது. அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை. மார்ச் 7 அன்று பேட்ச் வந்தது. இரண்டே நாளில், உடனே போடும்படி நிறுவனத்துக்குள் மெயிலும் போனது. ஆனால் வாடிக்கையாளர் புகார் கொடுக்கும் சைட்டில் ஸ்ட்ரட்ஸ் இருப்பது கவனத்துக்கு வரவில்லை. தேடிப் பார்த்த ஸ்கேனிலும் அது சிக்கவில்லை. மே மாதம் அந்த வழியாக ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். ஜூலை கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. அதற்குள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போய்விட்டன. பேட்ச் இருந்தது, செய்தி தெரியும், உத்தரவும் போனது. எந்தச் சர்வரில் என்ன ஓடுகிறது என்ற பட்டியல் மட்டும் சரியாக இல்லை. அப்டேட் வேலை தொடங்குவது அந்தப் பட்டியலில்தான்.

அடுத்தது பலர் தவறவிடும் இடம்: ரீஸ்டார்ட். 2014 ஏப்ரல் 7 அன்று 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளியே வந்தது. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1இல் இரண்டு ஆண்டுகளாக இருந்த பிழை அது. ஒரு சின்னக் கோரிக்கை அனுப்பினால், சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை வெளியே கொட்டும்; அதில் பாஸ்வேர்டும் இருக்கலாம், ரகசியச் சாவியும் இருக்கலாம். பேட்ச் போட்டால் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் மாறும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சி, பழைய லைப்ரரியைத்தான் நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்தால்தான் புதியதை எடுக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு ஓடும் சர்வரில் லாகின் செய்யும்போது, நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே 'சிஸ்டம் ரீஸ்டார்ட் ரிக்வயர்டு' என்று ஒரு வரி வருகிறதா? லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் இறங்கிவிட்டது, ஆனால் பழைய கெர்னல்தான் ஓடுகிறது என்று பெரும்பாலும் அதற்குப் பொருள். அந்த வரியை மாதக்கணக்கில் தாண்டிப் போகிறவர்கள் நிறைய.

பதிப்பு எண் பழையது என்பதற்காகவே பதறவும் வேண்டாம். உபுண்டு 22.04 பிஎச்பி 8.1உடன் வருகிறது. 8.1க்கு பிஎச்பி குழு தந்த ஆதரவு 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. ஆனால் உபுண்டு தன் நீண்டகாலப் பதிப்புக்கு 5 ஆண்டு பொறுப்பேற்கிறது. புதிய திருத்தங்களைப் பழைய எண்ணுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆகவே எண் எவ்வளவு பழையது என்பதைவிட, அதற்கு இன்று யார் திருத்தம் தருகிறார்கள் என்பதே முக்கியம்.

அப்டேட் செய்தால் சைட் உடைந்துவிடுமோ என்ற பயம் வீண் பயமல்ல. பிஎச்பி 7.0 வந்தபோது பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். அவற்றை நம்பி எழுதிய சைட்டுகளில் வெள்ளைப் பக்கம்தான் மிச்சம். இதற்கு வழி, சின்ன அப்டேட்டையும் பெரிய அப்டேட்டையும் பிரித்துப் பார்ப்பது. 8.3.7இலிருந்து 8.3.8 போவது போன்ற சின்னத் திருத்தங்கள் பிழைகளைச் சரிசெய்பவை, ஓட்டைகளை அடைப்பவை; தள்ளிப்போட வேண்டாம். உபுண்டுவில் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுவிடும். 7.4இலிருந்து 8.3 போவது போன்ற பெரிய தாவலுக்குச் சைட்டின் நகல் ஒன்றில் முதலில் ஓட்டிப் பாருங்கள். எதுவானாலும் முன்னதாக பேக்கப் எடுங்கள். அந்த பேக்கப்பிலிருந்து சைட்டைத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா என்றும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் சின்னப் படிகள் எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய தாவலாகிவிடும். பயமும் அதோடு சேர்ந்து வளரும்.

ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருந்தால் லினக்ஸும் அப்பாச்சியும் ஹோஸ்டிங்காரர் பொறுப்பு. ஆனால் எந்த பிஎச்பி பதிப்பு என்பதை சிபேனல் போன்ற கன்ட்ரோல் பேனல்களில் பெரும்பாலும் நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். விபிஎஸ் என்ற மெய்நிகர் தனிச் சர்வர் எடுத்திருந்தால், வேறு ஏற்பாடு இல்லாதவரை, மேலிருந்து கீழ்வரை எல்லாமே உங்கள் தலையில்தான்.

மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். பட்டியலைப் பாருங்கள், அப்டேட் போடுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், சைட்டைத் திறந்து, ஆர்டர் வாங்கும் சைட்டானால் ஒரு ஆர்டரும் போட்டுப் பாருங்கள். பெரிய ஓட்டை பற்றிச் செய்தி வந்தால் மட்டும் அந்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் டேட்டாபேஸில் இருக்கும் போன் நம்பரும் வீட்டு முகவரியும் உங்களுடையவை அல்ல. உங்களை நம்பி யாரோ கொடுத்தவை. சர்வருக்குள் எட்டிப் பார்க்க அவர்களால் முடியாது, உங்களால்தான் முடியும்.